விசுவாசிகளின் வேலைநிறுத்தம்

தோர்ல்பியில் எங்கள் கட்சி தோற்றதாக உயிரோடிருக்கும் எவருக்கும் நினைவில்லை. கழுதைக்குக் கட்சியின் நீலத் துணி சுற்றி நிறுத்தினாலும் இங்கே ஜெயித்துவிடும் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அதையும் செய்து பார்த்தாகிவிட்டது என்பார் கசாப்புக் கடை கிளைவ் பெக். பல காலம் எங்கள் எம்.பி.யாக இருந்த சர் ஜெரால்டைத்தான் அவர் அப்படிச் சொல்வார்.

அந்த சர் ஜெரால்ட், பொதுத் தேர்தலை அறிவித்த அதே வாரத்தில், இனிமேல் குடும்பத்தோடு நேரம் செலவிடப் போவதாக அறிக்கை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். குடும்பம் போர்ச்சுகலில் இருந்தது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

நான் சந்தை வீதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கட்சி உறுப்பினரும்கூட. ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருகிறவர்கள், அழுத்தம் ஏறியதற்கான காரணத்தையும் என்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வருடம் காரணம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது: ஆட்சியிலிருந்த எங்கள் கட்சி. வரியைக் குறைப்போம் என்றார்கள், ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி கட்டுவோம் என்றார்கள், இருந்த ஆஸ்பத்திரியோடு தீயணைப்பு நிலையத்தையும் சேர்த்து மூடினார்கள். வெளிநாட்டுக்காரர்களைக் குறைப்போம் என்றார்கள், கூடிவிட்டார்கள். இந்தக் கடைசிக் குறையை, வெளிநாட்டிலிருந்து வந்து கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னிடமே சொல்லிவிட்டு, "உன்னச் சொல்லலப்பா" என்று மருந்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் தலையாட்டுவேன். என்னைச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும், என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்கள் என்றும் தெரியும்.

எங்கள் ஊர்க் கட்சிச் சங்கத் தலைவி மார்ஜரி ஸ்கிரிம்ஷா மட்டும் அப்படி ஒரு சொல்லும் சொல்லாதவர். எழுபதைத் தாண்டியவர். தானிய வியாபாரியின் விதவை. கல்யாணம் ஆன வருடத்திலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் வீடு வீடாகத் துண்டறிக்கை போட்டவர். இரண்டு கெண்டைக்காலிலும் நாய் கடித்த தழும்பு உண்டு. ராஜா, தேவாலயம், கட்சி என்று அவர் தன் விசுவாசத்தை வரிசைப்படுத்தி வைத்திருந்தார். ராஜா கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார் என்றும் பாதிரியார் கிடார் வாசிக்கிறார் என்றும் அவருக்கு வருத்தம். ஆகவே மிச்சமிருந்தது கட்சிதான்.

சர் ஜெரால்டின் இடத்துக்கு ஃபியோனா என்ற உள்ளூர் மாட்டு வைத்தியரை நிறுத்த வேண்டும் என்று நாங்கள் தலைமையகத்துக்கு எழுதினோம். எங்கள் ஊர்ப் பசுக்களில் பாதி அவள் கைபட்டுப் பிறந்தவை, விவசாயிகள் அவள் சொன்னால் கேட்பார்கள். பதிலுக்கு லண்டனிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது: டோபி ஃபேன்ஷா. வயது இருபத்தொன்பது. ஏதோ ஓர் அமைச்சருக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவராம். பட்டியல் என்றால் இரண்டாவது பெயராவது இருக்க வேண்டாமா என்று, ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும் எங்கள் செயலாளருமான டெஸ்மண்ட், இலக்கணப் பிழையைக் கண்டவர்போல வேதனைப்பட்டார்.

அடுத்த வாரம் துண்டறிக்கைகள் வந்து இறங்கின. முன்பக்கத்தில் டோபி ஓர் அழகான கல் பாலத்தின் மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். 'தோர்ல்பி, என் இதயத்துக்கு நெருக்கமான ஊர்' என்று கீழே எழுதியிருந்தது. தோர்ல்பியில் பாலம் கிடையாது. ஆறே கிடையாது.

அதைக் கேட்கத்தான், கட்சி அலுவலகமும் மதுக்கூடமும் ஒன்றாக இருக்கும் எங்கள் கிளப்பில் கூடினோம். டெஸ்மண்ட் தன் கணினியை, குதிரைப் பந்தயம் பார்க்கும் பெரிய டிவியில் இணைத்து, தலைமையகத்தோடு பேச ஏற்பாடு செய்தார். திரையில் ஓர் இளைஞன் வந்தான். பாலம் பற்றி மார்ஜரி மிகவும் பணிவாகக் கேட்டார். அது குறியீடு என்றான் அவன். ஃபியோனா பற்றிக் கேட்டார். உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம் என்றான். பிறகு மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்து, பக்கத்திலிருந்த யாரிடமோ திரும்பினான்.

"இந்தக் கெழடுங்கள விடு. புலம்பிட்டு நமக்குத்தான் குத்தும். வேற எங்க போயிடப் போகுதுங்க?"

குதிரைகள் ஓடும் அந்தப் பெரிய டிவியிலிருந்து அது நன்றாகவே கேட்டது.  மார்ஜரி எழுந்து போய், சுவிட்சை அணைத்து, சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கி, கம்பியை ஒழுங்காகச் சுருட்டி வைத்தார்.

"ஸ்டிரைக் பண்ணினாத்தான் இவனுங்களுக்கு உறைக்கும்" என்றார் கிளைவ். அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். எங்கள் கிளப்பில் அந்த வார்த்தையைச் சொல்வது தேவாலயத்தில் ஏப்பம் விடுவதைப் போன்றது. ஆனால் மார்ஜரி, "அது எப்படிப் பண்றதுன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வேலைநிறுத்தம் செய்கிறவர்களைத் திட்டுவது எப்படி என்றுதான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தெரிந்தவர் ஒருவர் மார்ஜரிக்கு அடுத்த வீட்டிலேயே இருந்தார். லென் ஆல்சப், பழைய சுரங்கத் தொழிலாளி. ஆணோ பெண்ணோ, பாதிரியாரோ போலீஸோ, யாரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். சுரங்கப் பக்கத்து வழக்கம் அது. எண்பத்து நாலாம் வருடத்துப் பெரிய சுரங்க வேலைநிறுத்தத்தில் மார்ஜரி போலீஸுக்கு சாண்ட்விச் செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். லென் அதே போலீஸிடம் மண்டை உடைபட்டார். பிற்பாடு லென் அந்த வீட்டை வாங்கிக்கொண்டு வந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. இடையிலிருந்த வேலிச்செடியின் உயரம் பற்றி மட்டும் நகராட்சி மூலமாகப் பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை மார்ஜரி அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். துணைக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார். லென் கதவைத் திறந்ததும், "வேலிய வெட்ட மாட்டேன்" என்றார்.

"வேலி கிடக்கட்டும், மிஸ்டர் ஆல்சப். ஒரு ஸ்டிரைக் எப்படி நடத்தறதுன்னு சொல்லிக் குடுங்க."

லென் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் முழுவதையும் கேட்டு முடிக்கும்வரை சிரிக்காமல் இருந்தது அவருடைய நல்ல குணம். முடிந்த பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நான் சாகறதுக்குள்ள இதப் பாக்கணும்னு இருக்கு பாரு, கண்ணு" என்றார். "சரி, கேளு. கேக்கறது ஒண்ணே ஒண்ணா இருக்கணும். பத்து கேட்டா பத்துல எதக் குடுக்கலாம்னு அவன் பேரம் பேசுவான். வாசல விட்டு நகரக் கூடாது. உள்ள ஒருத்தனையும் விடக் கூடாது. நம்ம ஆளே போனாலும் அவன் கருங்காலி. அப்புறம், பாட்டு வேணும். பாட்டு இல்லாத ஸ்டிரைக் சாவு வீடு மாதிரி ஆயிடும்."

"எங்களுக்கு தேவாலயப் பாட்டுதான் தெரியும்" என்றார் மார்ஜரி.

"அதையே பாடுங்க. பயப்படுவானுங்க."

மறுநாள் காலை கிளப் வாசலில் மறியல் தொடங்கியது. துண்டறிக்கைப் பெட்டிகள் உள்ளே பில்லியர்ட்ஸ் அறையில் பூட்டிக் கிடந்தன. கிளப் சாவி கிளைவ் பையில். எங்கள் ஆட்கள் தோட்டத்து மடக்கு நாற்காலிகளோடும் தேநீர்க் குடுவைகளோடும் வந்து சேர்ந்தார்கள். டெஸ்மண்ட் முன்கூட்டியே போலீஸுக்குத் தகவல் சொல்லி, மறியல் எத்தனை மணிக்கு முடியும் என்றும் தெரிவித்திருந்தார். கோரிக்கையையும் அவர்தான் அட்டையில் எழுதினார்: 'எங்களைக் கலந்தாலோசிக்க வேண்டுகிறோம், நன்றி.' காற்புள்ளியையும் நன்றியையும் வாசலுக்கு வந்து பார்த்த லென், தாங்க முடியாமல், பெரிய எழுத்தில் இன்னொன்று எழுதிக் கொடுத்தார்: 'எங்களைக் கேளுடா.'

மதியம் ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஸ்டிரைக்குக்கு ஒரு மணி நேரம் இடைவேளை விடுகிற கூட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று லென் தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரம் வாசலைத் தனியாகக் காத்தவர் அவர்தான். தன் பரம எதிரியின் கட்சி அலுவலகத்தை.

ஒரு வாரம் ஓடியது. ஒரு வீட்டிலும் துண்டறிக்கை விழவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை படம் போட்டது. வீதியில் போகிறவர்கள் காரின் ஒலிப்பானை அடித்து உற்சாகப்படுத்தினார்கள். அதில் எத்தனை பேர் ஆதரவுக்கு அடித்தார்கள், எத்தனை பேர் கேலிக்கு அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. மார்ஜரிக்கு மட்டும் தூக்கம் கெட்டது. தூக்க மாத்திரை வாங்க வந்தபோது, தாய்க்கு எதிராக வழக்குப் போட்டதைப் போல இருக்கிறது என்றார். வாபஸ் வாங்கிவிடலாமே என்றேன். தாய் தன்னைப் பார்த்து 'இது எங்கே போயிடப் போகுது' என்று சொல்லியிருக்கக் கூடாது என்றார்.

தலைமையகம் கடைசியில் ஒரு வேன் நிறைய இளைஞர்களை அனுப்பியது. எல்லோருக்கும் நீல டி-ஷர்ட். முன் இருக்கையில் டோபி ஃபேன்ஷா. படத்தில் இருந்ததைவிட ஒல்லியாக, காது சற்று நீண்டு, நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தார். வேன் நின்றதும் எங்கள் ஆட்கள் எழுந்து நின்று தேவாலயப் பாட்டைத் தொடங்கினார்கள். பிணத்தை எடுக்கும்போது பாடுகிற பாட்டு அது. எல்லோருக்கும் வரிகள் தெரிந்த பாட்டு அது ஒன்றுதான். ஓர் இளைஞன் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தான். அப்போது, வாழ்நாளில் தபால்காரரிடம்கூடக் குரல் உயர்த்தாத மார்ஜரி, வாசல் படியில் நின்று, "கருங்காலி" என்று கத்தினார். அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். லென் பெருமையில் தொண்டையைச் செருமினார்.

டோபி இறங்கி வந்து, கைகூப்பாத குறையாகக் கேட்டுப் பார்த்தார். சாவி கிடைக்கவில்லை. வேன் திரும்பிப் போனது. போனதாகத்தான் நாங்கள் நினைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தோம். வேனைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, ஆண்கள் கழிப்பறையின் ஜன்னல் வழியாக உள்ளே புகப் பார்த்திருக்கிறார் டோபி. இளைஞர்கள் தூக்கிவிட, காலை முதலில் விட்டு இறங்கியிருக்கிறார். இடுப்புவரை போனது. அதற்கு மேல் போகவில்லை. ஜன்னலின் பழைய இரும்புச் சட்டம் வயிற்றைக் கவ்விக்கொண்டது. கால் இரண்டும் உள்ளே கைகழுவும் தொட்டிக்கு மேல் அந்தரத்தில் ஆட, தலையும் கைகளும் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எங்களைக் கண்டதும் டி-ஷர்ட் பிள்ளைகள் சிதறி ஓடிவிட்டார்கள்.

தீயணைப்புப் படைக்கு டெஸ்மண்ட் போன் செய்தார். எங்கள் ஊர் நிலையம் மூடப்பட்டதால் அடுத்த மாவட்டத்திலிருந்து வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். அதை டெஸ்மண்ட் டோபியிடம் அப்படியே தெரிவித்தார், யார் மூடினார்கள் என்பதையும் சேர்த்து.

 மார்ஜரி கிளைவிடம் கை நீட்டிச் சாவியை வாங்கி, முன்வாசலைத் திறந்து, எல்லோர் கண் முன்னாலும் மறியலைத் தாண்டி உள்ளே போனார். மதுக்கூடத்திலிருந்து ஓர் உயரமான முக்காலியைக் கொண்டுவந்து டோபியின் காலடியில் வைத்தார். அந்தரத்தில் ஆடிய கால்கள் நிலைகொண்டன.

திரும்பி வந்தவரிடம், "மறியல நீயே உடைச்சுட்டியே, கண்ணு" என்றார் லென்.

"அந்தப் பிள்ளையப் பெத்தவ பாத்தா மனசு கேக்குமா? அதான்" என்றார் மார்ஜரி. பிறகு ஒரு மடக்கு நாற்காலியை இழுத்து, ஜன்னலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து, பாவாடையைச் சரி செய்துகொண்டார்.

"மிஸ்டர் ஃபேன்ஷா, இப்ப எங்கயும் போயிட மாட்டீங்களே?"

"இல்லைங்க" என்றார் டோபி.

"அப்ப கேளுங்க."

முதலில் மார்ஜரிதான் பேசினார். பேச ஆரம்பித்ததும் அவருக்கே வார்த்தை வரவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காததால் சொல்லிப் பழக்கமில்லை. கணவர் இறந்த வாரத்திலும் துண்டறிக்கை போட்டதைச் சொன்னார். அதற்காக நன்றி எதிர்பார்க்கவில்லை, பாலம் இல்லாத ஊருக்குப் பாலத்தின் படம் போடாமல் இருந்திருக்கலாம் என்றார். அடுத்து கிளைவ். அவருடைய அம்மா சமையலறையில் விழுந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்ட கதை. எப்போதும் கோமாளித்தனம் செய்கிற மனிதர் அன்று ஒரு வேடிக்கையும் பேசாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார். செய்தி பரவி, சந்தைக்கு வந்தவர்களும் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஓர் எம்.பி. வேட்பாளர் நகர முடியாமல் இருக்கிறார் என்றால் யார்தான் விடுவார்கள்? மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் பால் விலையைப் பற்றிப் பேசியதில், பின்னால் நின்றவர்கள் அவரைச் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. நானும் பேசினேன். 'உன்னைச் சொல்லவில்லை' என்பதைப் பற்றி. பேசி முடித்துத் திரும்பியபோது வரிசையில் இரண்டு பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயிலில் டோபியின் மூக்கு சிவந்து போயிற்று. யாரோ தொப்பி வைத்துவிட்டார்கள். யாரோ உறிஞ்சு குழலோடு எலுமிச்சைச் சாறு பிடித்தார்கள். ஆரம்பத்தில் அவர், இந்தக் கருத்துகளைத் தலைமைக்கு எடுத்துச் செல்வேன் என்று பழகிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டுப் பண்ணைக்காரருக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்.

"நான் உண்மையச் சொல்லிடறேன்" என்றார். "எனக்கு எதுவுமே தெரியாதுங்க. போன மாசம் வரைக்கும் இந்த ஊர் பேரே தெரியாது. எங்கம்மா வீட்டுப் பக்கத்துல ஒரு தொகுதி கேட்டேன், இதக் குடுத்தாங்க. தோத்தா வேற வேலையும் இல்ல."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோபமில்லை. பல வருடங்களில் கட்சியிடமிருந்து அவர்கள் கேட்ட முதல் உண்மை அது.

கிளைவ் அப்போதுதான் தன் கடையிலிருந்து ஒரு வாளிப் பன்றிக் கொழுப்பை எடுத்துவரச் செய்தார். அது முதலிலிருந்தே அவருக்குத் தோன்றியிருந்ததாம். வரிசை முடியட்டும் என்று காத்திருந்தாராம். வாளியைப் பார்த்த டோபி, தான் சைவம் என்றார்.

"திங்கச் சொல்லல தம்பி, தடவத்தான்" என்றார் கிளைவ்.

லென் ஒரு கையையும் டெஸ்மண்ட் மறு கையையும் பிடித்து இழுக்க, டோபி பளபளவென்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தார். தீயணைப்பு வண்டி வந்தபோது அவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் தேநீர் மட்டுமே இருந்தது.

ஜன்னலில் மாட்டிக்கொண்ட டோபியின் படம் நாடு முழுக்கப் போயிற்று. தலைமையகம் டோபியை லண்டனுக்கு வரச் சொன்னது. அவர் போகவில்லை. பாலம் போட்ட துண்டறிக்கைகளைத் தொட மறுத்துவிட்டு, தேர்தல்வரை தினமும் சந்தையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டார். மார்ஜரி பாதி நாள் பக்கத்தில் உட்கார்ந்தார். வேலைநிறுத்தம் முடிந்ததா என்று கேட்டவர்களிடம், முடிந்தது என்றும் சொல்லவில்லை, முடியவில்லை என்றும் சொல்லவில்லை.

நாங்கள் தோற்றோம். நல்ல பையன்தான், ஆனால் அவன் சட்டை நிறம் சரியில்லை என்று ஊர் சொன்னது. அரசாங்கமும் கவிழ்ந்தது. லென்னின் கட்சி ஜெயித்தது. மறுநாள் காலை என் கடைக்கு வந்த லென்னின் முகத்தில் சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. தன் ஆட்கள் ஜெயித்துவிட்டார்கள், இனி யாரைத் திட்டுவது என்று அலுத்துக்கொண்டார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற மார்ஜரி, "அவங்களயேதான். கொஞ்ச நாள் பொறுங்க, பழகிடும்" என்றார்.

லென் போன பிறகு மார்ஜரி என்னிடம் ஒன்று சொன்னார். ஓட்டுச்சாவடியில் பென்சிலைப் பிடித்ததும் கை தானாக அந்தப் பழைய கட்டத்துக்குப் போனதாம். நிறுத்தி வைத்தாராம். டோபிக்குப் போட மனம் வந்தது, கட்சிக்குப் போட வரவில்லை. இரண்டும் ஒரே கட்டமாக இருந்தது. வேறு எங்கே போடவும் கை வரவில்லை. சீட்டை வெறுமையாகவே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, காருக்குள் போய் உட்கார்ந்து அழுதாராம். அந்த ஒரு ஓட்டில் டோபி தோற்கவில்லை. நிறைய வித்தியாசத்தில் தோற்றார். அது ஆறுதலா வருத்தமா என்று மார்ஜரிக்கே தெரியவில்லை. மருந்து எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

டோபி தன் அம்மா ஊருக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இலையுதிர் காலத்தில் எங்கள் ஊரில் நகராட்சி இடைத்தேர்தல் வந்தது. இந்த முறை லண்டனைக் கேட்காமலே ஃபியோனாவை நிறுத்தினோம். தலைமையகத்துக்கு எங்கள்மேல் அப்போது அக்கறை இல்லாததால் பிரச்சினை ஒன்றும் வரவில்லை.

முதல் நாள் பிரச்சாரத்துக்கு மார்ஜரியோடு நானும் போனேன். தூறிக்கொண்டிருந்தது. பண்ணைச் சாலையில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்த ஆள் நீல ரிப்பனைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"உங்க கட்சிக்கு நான் இனி ஜென்மத்துக்கும் ஓட்டுப் போட மாட்டேங்க."

"தெரியும்" என்றார் மார்ஜரி. "நான் ஓட்டுக் கேக்க வரல. ஏன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

 கதவைச் சாத்துவதற்காக அந்த ஆள் முன்னால் நீட்டிய கை அப்படியே நின்றது. வெளியே எட்டி மழையைப் பார்த்தார். பிறகு நாயைப் பிடித்துக் கட்டிவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார்.